ஒரே புத்தகம், பத்து நாள்: மழலையர் வகுப்பைப் படக்கதையோடு தொடங்கும் செய்முறைப் பதிவு

மழலையர் வகுப்பின் முதல் பத்துப் பள்ளி நாட்களையும் ஒரே ஒரு படப்புத்தகத்தை வைத்து நடத்தும் வேலை இது. நாளுக்கொரு புதுக் கதை கிடையாது. அதே புத்தகம், அதே பக்கங்கள், ஒவ்வொரு நாளும் வேறு ஒரு வேலைக்கு. 24 குழந்தைகள், ஒரு ஆசிரியர், ஒரு உதவியாளர் என்ற கணக்கில் கீழே அளவுகள் தரப்பட்டிருக்கின்றன. எண்ணிக்கை மாறினால் தாள்களின் எண்ணிக்கை மட்டும் மாறும், முறை மாறாது.

ஏன் ஒரே புத்தகம்? முதல் நாள் உள்ளே வரும் குழந்தைக்கு அந்த அறையில் தெரிந்தது என்று எதுவுமே இல்லை. அறை புதிது, முகங்கள் புதிது, கழிப்பறை எங்கே என்று கூடத் தெரியாது. மூன்றாம் நாள் அதே அட்டைப்படம் கண்ணில் படும்போது, இது எனக்குத் தெரியும் என்று சொல்லிக்கொள்ள அந்தக் குழந்தைக்கு ஒன்றாவது கிடைத்துவிடுகிறது. சொல் பழகுவதற்கும் இதுவே நல்ல வழி. 2011இல் ஜெசிகா ஹோர்ஸ்ட்டும் உடன் ஆய்வாளர்களும் மூன்று வயதுக் குழந்தைகளிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஒரே கதையைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள், இன்னொரு பிரிவுக்கு வெவ்வேறு கதைகளைப் படித்தார்கள். புதிய சொற்கள் இரு பிரிவின் காதிலும் ஒரே எண்ணிக்கையில்தான் விழுந்தன. ஆனால் ஒரே கதையைக் கேட்ட குழந்தைகளுக்குத்தான் அந்தச் சொற்கள் நன்றாக மனதில் நின்றன. கதை அடுத்து எங்கே போகும் என்று தெரிந்த பிறகுதான் குழந்தையின் கவனம் சொல்லுக்கு வருகிறது.

புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பது

விளக்கத்துக்காக இப்படி ஒரு கதையை வைத்துக்கொள்வோம். விலங்குகள் ஒவ்வொன்றாக ஆற்றங்கரைக்குக் கிளம்புகின்றன. ஆமைக்குட்டி கடைசியில் வருகிறது. இரண்டு பக்கத்துக்கு ஒருமுறை “நில்லுங்க, நானும் வர்றேன்!” என்று கூப்பிடுகிறது. கடைசியில் எல்லாரும் கரையில் உட்கார்ந்து ஆமைக்காகக் காத்திருக்கிறார்கள். தொடக்க வாரத்துக்கு வேண்டியது எல்லாம் இதில் இருக்கிறது. திரும்பத் திரும்ப வரும் ஒரு வரி இருக்கிறது, வரிசையாக நடக்கும் நிகழ்ச்சிகள் இருக்கின்றன, முடிவில் யாரும் விடுபடவில்லை.

‘பள்ளிக்கூடம் போகலாம்’ வகைப் புத்தகங்களை முதல் நாளுக்கு எடுக்க வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. கதவருகே அம்மா கையசைக்கும் படத்தைப் பார்த்ததும், அதுவரை அடக்கிக்கொண்டிருந்த நான்கு குழந்தைகள் ஒன்றாக அழ ஆரம்பிக்கும். ஒரு குழந்தை அழுதால் வகுப்பு தாங்கும். நான்கு பேர் சேர்ந்து அழுதால் தாங்காது. அந்தப் புத்தகம் மூன்றாவது வாரத்துக்கு அருமையானது, அதுவரை அலமாரியில் இருக்கட்டும். அகர வரிசைப் புத்தகமும் தொடக்கத்துக்குச் சரிவராது. அதில் ‘அப்புறம் என்ன ஆச்சு?’ என்று கேட்க இடமில்லை.

கையில் எடுத்துப் பார்க்க வேண்டியவை சில உண்டு. பக்கம் குறைந்தது 25 செ.மீ. உயரம் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் மூன்றாம் வரிசைக்குப் படம் வெறும் வண்ணப் புள்ளி. பெரும்பாலான படப்புத்தகங்கள் 32 பக்கம். அச்சுத்தாளை மடிக்கும்போது பக்கங்கள் 8, 16, 32 என்று வருவதுதான் இதற்குக் காரணம். தலைப்புப் பக்கம் போன்றவற்றைக் கழித்தால் 12 முதல் 14 விரிப்புகள், அதாவது புத்தகத்தைத் திறந்தால் எதிரெதிரே தெரியும் பக்க ஜோடிகள், கதைக்கு மிஞ்சும். 100 முதல் 250 சொற்களுக்குள் கதை முடிய வேண்டும். முக்கியப் பாத்திரம் நடுமடிப்பில் விழுந்திருக்கிறதா என்று ஒவ்வொரு விரிப்பையும் பாருங்கள். ஆமையின் தலை தையலுக்குள் போய்விட்டால் குழந்தைகள் “ஆமை எங்கே?” என்றுதான் கேட்டுக்கொண்டிருப்பார்கள். தமிழ் அச்சில் இன்னொரு தொல்லை, வரி முடிவில் சொல்லை உடைப்பது. ‘நடந்’ மேல் வரியிலும் ‘தது’ கீழ் வரியிலும் இருக்கும், நடுவில் இணைப்புக்கோடு கூட இருக்காது. பெரியவர்களின் கண் அதைத் தாண்டிவிடும். சொல் என்றால் என்ன என்று இனிமேல்தான் கற்கப்போகும் குழந்தைக்கு அது இரண்டு சொல். அப்படி உடைந்த வரிகள் நிறைய இருந்தால் வேறு புத்தகம் தேடுங்கள்.

பெரிதாக்கி நகலெடுக்கவோ திரையில் காட்டவோ எண்ணம் இருந்தால், பதிப்பாளரிடம் அனுமதி வாங்க வேண்டும். அல்லது திறந்த உரிமத்தில் வெளியான கதையை எடுக்க வேண்டும். பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழிலும் அப்படிப்பட்ட கதைகள் இருக்கின்றன.

புதுப் புத்தகத்தைப் பழக்குவது

கடையிலிருந்து வந்த புத்தகத்தை நேராக வகுப்புக்குக் கொண்டு போகக் கூடாது. முதுகு விறைப்பாக இருக்கும், கை எடுத்ததும் பக்கம் தானாக மூடிக்கொள்ளும். வலுக்கட்டாயமாக நடுவில் விரித்து அமுக்கினால் முதுகில் பசை உடைந்து, இரண்டாம் வாரமே பக்கம் கழன்று வரும். மேசையில் முதுகு படும்படி நிறுத்தி, முன் அட்டையைத் தாழ்த்துங்கள், பிறகு பின் அட்டையை. அடுத்து முன்னிருந்து இரண்டு தாள், பின்னிருந்து இரண்டு தாள் என்று மாறி மாறிப் பிரித்து, மடிப்போரம் விரலால் மெல்ல நீவிக்கொண்டே நடுப்பக்கம் வரை வாருங்கள். ஐந்து நிமிட வேலை. இதற்குப் பிறகு புத்தகம் சொன்னபடி விரிந்து நிற்கும்.

அடுத்தது ஒத்திகை. குறைந்தது மூன்று முறை வாய்விட்டுப் படிக்க வேண்டும், மூன்றாவது முறை கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு. படம் பிடித்தால்தான் கட்டைவிரல் தெரியும். புத்தகத்தின் கீழ்விளிம்பை நடுவில் ஒரு கையால் பிடிக்கும்போது கட்டைவிரல் முன்பக்கம் வந்து, சரியாக ஆமை இருக்கும் மூலையை மறைத்திருக்கும். விரல்களைப் பின்னால் விரித்துத் தாங்கி, கட்டைவிரல் நுனி மட்டும் நடுமடிப்பில் இருக்கும்படி பழக வேண்டும். பக்கத்தை மேல் மூலையில் பிடித்துத் திருப்புங்கள். கீழ் மூலையில் திருப்பினால் கை படத்தின் குறுக்கே போகும்.

நிறுத்த வேண்டிய இடங்களில் ஒட்டுத்தாள் ஒட்டலாம், நான்குக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றிலும் ஒரே சொல்: ‘நிறுத்து’, ‘மெல்ல’, ‘சேர்ந்து’. முழுக் கேள்வியை எழுதி வைத்தால் கண் அங்கே போகும், குழந்தைகளின் முகம் தெரியாமல் போகும்.

உட்காரும் இடம்

தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்த நான்கு வயதுக் குழந்தையின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய அரை மீட்டர் உயரத்தில் இருக்கும். படிப்பவர் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தால் புத்தகம் ஒரு மீட்டருக்கு மேலே போய்விடும், முன்வரிசைக் கழுத்துகள் வலிக்கும். வலித்தால் படுத்துக்கொள்வார்கள். 25 முதல் 30 செ.மீ. உயர முக்காலி போதும். புத்தகத்தின் கீழ்விளிம்பு தரையிலிருந்து 60 முதல் 70 செ.மீ.யில் நிற்கட்டும். முன்வரிசைக்கும் புத்தகத்துக்கும் இடையே குறைந்தது 70 செ.மீ. இருக்க வேண்டும். கடைசி வரிசை இரண்டரை மீட்டரைத் தாண்ட வேண்டாம். 24 பேரை எட்டெட்டாக மூன்று வளைவு வரிசையில் உட்கார வைத்தால் இந்த அளவுக்குள் அடங்கும். உதவியாளர் இருந்தால் 12 பேராகப் பிரித்து இரண்டு முறை படிப்பது இன்னும் நல்லது.

படிப்பவரின் முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருக்கக் கூடாது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்த பக்கம் இருட்டாகத் தெரியும். பளபளப்புத் தாளாக இருந்தால் பக்கவாட்டு ஜன்னலின் வெளிச்சம் ஓரத்துக் குழந்தைகளுக்கு வெள்ளைத் திட்டாக அடிக்கும். வகுப்பு தொடங்கும் முன்பே ஓரத்தில் தரையில் உட்கார்ந்து, வேறொருவரைப் புத்தகத்தைப் பிடிக்கச் சொல்லிப் பாருங்கள்.

கதவு விஷயத்தில் வழக்கமான அறிவுரை, குழந்தைகளின் முதுகுப் பக்கம் கதவு இருக்க வேண்டும் என்பது. கவனம் சிதறாதாம். முதல் வாரத்தில் இது எதிராக வேலை செய்கிறது. கதவு பின்னால் இருந்தால் அம்மா வருகிறாரா என்று நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்கள். பக்கவாட்டில் இருந்தால் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுப் புத்தகத்துக்கு வந்துவிடுகிறார்கள். இரண்டாம் வாரம் இடத்தை மாற்றிக்கொள்ளலாம்.

முதல் நாள்

கேள்வி எதுவும் கேட்க வேண்டாம். “இது என்ன? அது என்ன நிறம்?” என்று ஆரம்பித்தால் கதை தேர்வாகிவிடும். பதில் தெரியாத குழந்தை முதல் நாளே வாயை மூடிக்கொள்ளும். அட்டையைக் காட்டி, பெயரைச் சொல்லி, நேராகக் கதைக்குள் போய்விட வேண்டும். ஒவ்வொரு விரிப்பையும் முதலில் வாய் பேசாமல் இடமிருந்து வலமாக மெல்லக் காட்டுங்கள், மூன்று நொடிக்குக் குறையாமல். பிறகு படியுங்கள். மொத்தம் 6 முதல் 8 நிமிடம்.

அழும் குழந்தையை நடுவில் உட்கார வைக்க வேண்டாம். வரிசையின் ஓரத்தில், உதவியாளரின் மடியருகே, கையில் அதே புத்தகத்தின் இரண்டாவது படியைக் கொடுத்து வைக்கலாம். அழுகை நிற்காவிட்டாலும் கண் பக்கத்துக்குப் போய்வரும். இதற்காகவாவது இரண்டு படி வாங்கி வைப்பது நல்லது. ஒரே ஒரு ஆமைப் பொம்மையைக் கொண்டு வருவது பெரிய தவறு. 24 பேருக்கும் அது வேண்டும், கதை அங்கேயே நின்றுவிடும்.

நாள் பலகை

“டீச்சர், அம்மா எப்ப வருவாங்க?” முதல் வாரத்தில் மிக அதிகமாகக் காதில் விழும் கேள்வி இது. “மத்தியானம் வருவாங்க” என்ற பதில் அந்த வயதில் ஒன்றும் சொல்வதில்லை. கதையின் வரிசையைப் புரிந்துகொண்ட குழந்தைக்கு நாளின் வரிசையையும் அதே போலக் காட்டலாம்.

15 செ.மீ. சதுரத்தில் ஆறு அட்டைகள்: வணக்கம், கதை, விளையாட்டு, சாப்பாடு, படம் வரைதல், வீடு. ஒவ்வொன்றிலும் கோட்டோவியமும் கீழே சொல்லும். குழந்தைகளின் கண்ணுயரத்தில் கயிறு கட்டி, இடமிருந்து வலமாக வரிசையாகத் தொங்க விடுங்கள். துணி மாட்டும் கிளிப் ஒன்றின் மேல் அட்டையில் வெட்டிய ஆமையை ஒட்டுங்கள். ஒரு வேலை முடிந்ததும் ஒரு குழந்தை வந்து ஆமையை அடுத்த அட்டைக்கு நகர்த்தும், எல்லாரும் “நில்லுங்க, நானும் வர்றேன்!” சொல்வார்கள். அம்மா எப்ப வருவாங்க என்று கேட்கும் குழந்தையைப் பலகை முன்னால் கூட்டிப்போய், “ஆமை இப்ப எங்க இருக்கு? வீட்டுக்குப் போக இன்னும் எத்தனை அட்டை தாண்டணும்?” என்று விரல் வைத்து எண்ண வைத்தால், அழுகை அடங்காவிட்டாலும் கேள்வி மாறும். அந்தப் பிள்ளையே அரைமணிக்கு ஒருமுறை வந்து எண்ணிப் பார்க்கும்.

இங்கே தவறாமல் நடக்கும் ஒன்று: யாரோ ஆமையை நேராக வீடு அட்டைக்கு நகர்த்திவிடுவார்கள். கண்டிக்க ஒன்றுமில்லை, ஆசையைத்தான் காட்டியிருக்கிறார்கள். ஆமையை நகர்த்துவது அன்றைக்கு யார் வேலை என்று காலையிலேயே பெயர் சொல்லிவிட்டால் பெரும்பாலும் நின்றுவிடும். பலகையை எட்டாத உயரத்துக்கு மாற்றினால் அதன் பயனே போய்விடும்.

இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை

இரண்டாம் நாள் அந்த ஒரு வரிக்கு மட்டும் குழந்தைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பக்கம் திருப்பியதும் “நில்லுங்க…” என்று இழுத்துவிட்டு நிறுத்தினால் போதும். முதலில் ஐந்தாறு குரல் வரும், நான்காம் நாள் அறை முழுக்க வரும். வீட்டில் வேறு மொழி பேசும் குழந்தை முதன்முதலில் வாய்திறப்பது அநேகமாக இந்த வரிக்குத்தான்.

மூன்றாம் நாள் பேச்சு தொடங்கலாம். 1988இல் குரோவர் ஒயிட்ஹர்ஸ்ட்டும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட உரையாடல் வாசிப்பு முறை இங்கே அப்படியே உதவும். குழந்தையைச் சொல்லத் தூண்டுவது, சொன்னதை ஏற்பது, அதில் ஒரு சொல்லைக் கூட்டி விரிப்பது, விரித்ததைத் திரும்பச் சொல்ல வைப்பது. நடப்பில் இப்படி இருக்கும். “இங்க யாரு வர்றா?” “ஆமை.” “ஆமா, ஆமை. களைச்சுப்போன ஆமை. எங்க, நீயும் சொல்லு.” “களைச்சுப்போன ஆமை.” ஒரு வாசிப்பில் இது மூன்று இடத்தில் போதும். ஒவ்வொரு பக்கத்திலும் செய்தால் கதையின் மூச்சு அறுந்துவிடும்.

கேட்டுவிட்டுக் காத்திருப்பது கேட்பதை விடக் கடினம். 1970களில் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ வகுப்பறைகளைக் கவனித்தபோது, ஆசிரியர்கள் பதிலுக்கு ஏறக்குறைய ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். அதை மூன்று நொடியாக்கியதும் பதில்கள் நீண்டன, பேசாதிருந்த பிள்ளைகளும் பேசினார்கள். மனதுக்குள் ‘ஒண்ணு, ரெண்டு, மூணு’ என்று மெல்ல எண்ணிக்கொள்வதைத் தவிர இதற்கு வேறு வித்தை இல்லை.

எழுத்துத் தமிழா, பேச்சுத் தமிழா

தமிழில் படித்துக்காட்டும் எல்லாரும் முட்டிக்கொள்ளும் இடம் இது. புத்தகத்தில் ‘ஆமை மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது’ என்று இருக்கும். வாய் ‘ஆமை மெதுவா போய்க்கிட்டிருந்துச்சு’ என்று போகத் துடிக்கும். இரண்டுக்கும் நியாயம் உண்டு. ஆனால் ஒரே புத்தகத்தைப் பத்து நாள் படிக்கும் முறையில் நாங்கள் ஒன்றில் உறுதியாக நிற்கிறோம்: அச்சில் இருப்பதை அச்சில் இருப்பது போலவே படிக்க வேண்டும், பத்து நாளும் ஒரு சொல் மாறாமல். விளக்கமும் பேச்சும் பக்கங்களுக்கு நடுவே, முழுக்கப் பேச்சுத் தமிழில்.

காரணம் எளிது. நாலைந்து நாளில் குழந்தைகள் வரிகளை மனப்பாடம் செய்துவிடுவார்கள். இரண்டாம் வாரம் அந்த வரிகளின் மேல் விரல் வைக்கப் போகிறோம். வாயில் ‘போய்க்கிட்டிருந்துச்சு’ பழகியிருந்து கண்முன் ‘போய்க்கொண்டிருந்தது’ இருந்தால், காதில் விழுவதும் கண்ணில் படுவதும் வேறு வேறு என்றுதான் குழந்தை கற்கும். எழுத்துத் தமிழ் புரியாதே என்ற கவலை முதல் வாசிப்புக்குச் சரி. படமும் குரலும் தாங்கிப்பிடிக்க, மூன்றாம் வாசிப்பில் அது புரிந்துவிடுகிறது. பாத்திரங்கள் பேசும் வரி மட்டும் பேச்சுத் தமிழில் அச்சான புத்தகம் கிடைத்தால் அது வரம். ஆமை “நானும் வர்றேன்” என்றே சொல்லட்டும்.

விரல் வைப்பது

குழந்தைகள் தாமாக எழுத்தைப் பார்ப்பதில்லை. மேரி ஆன் எவன்ஸும் ஜான் சாந்தோபாங்கும் 2005இல் கண் அசைவைப் பதிவுசெய்து வெளியிட்ட ஆய்வில், கதை கேட்கும் நான்கு வயதுக் குழந்தைகளின் கண் அநேகமாகப் படத்தின் மேலேயே இருந்தது. எழுத்தின் பக்கம் அரிதாகத்தான் போனது. ஆகவே எழுத்தைக் காட்ட வேண்டுமானால் நாம்தான் காட்ட வேண்டும். ஆறாம் நாள் அதற்குச் சரியான நேரம்.

12 செ.மீ. அகலமும் 60 செ.மீ. நீளமும் உள்ள அட்டைப்பட்டையில் ஒரு வரியை எழுதுங்கள்: ஆமை மெல்ல நடந்தது. எழுத்தின் உயரம் 3 செ.மீ., சொற்களுக்கு இடையே இரண்டு விரல் இடைவெளி. ண, ஞ, ஐ போன்ற சுழி நிறைந்த எழுத்துகளை அதைவிடச் சிறிதாக எழுதினால் பின்வரிசைக்குச் சுழிகள் ஒட்டிப்போய்த் தெரியும்.

ஒரு குழந்தையை அழைத்துக் குச்சியைக் கொடுங்கள். வரி அதற்கு ஏற்கெனவே மனப்பாடம். முதல் சொல்லைத் தொட்டு “ஆ” என்கிறது. இரண்டாம் சொல்லைத் தொட்டு “மை”. மூன்றாம் சொல்லில் “மெல்”. பட்டை முடிந்துவிட்டது, வாயில் இன்னும் “ல நடந்தது” பாக்கி. குச்சி அந்தரத்தில் நிற்கிறது, குழந்தை பட்டையின் பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கிறது. அசைக்கு ஒரு சொல் என்று அது எண்ணியிருக்கிறது. தமிழ்ச் சொற்கள் நீளம் என்பதால் இந்தத் தடுமாற்றம் தமிழில் கூடுதலாகவே இருக்கும். திருத்துவதற்குப் பதில், மூன்று பேரை வரிசையாக நிற்க வைத்து ஆளுக்கொரு சொல்லைக் கொடுத்து, தலையில் தொட்டதும் அந்தச் சொல்லை முழுதாகச் சொல்லச் சொல்லுங்கள். ‘நடந்தது’ என்பது ஒரே ஆள் என்று உடம்பால் தெரிந்த பிறகு பட்டைக்குத் திரும்பினால் குச்சி பெரும்பாலும் சரியாக விழும்.

எழுத்து எழுத்தாகச் சுட்ட வேண்டாம். ‘மெல்ல’ என்ற சொல்லில் கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு, காதுக்கு முதலில் வருவது ‘ம்’. இதை இந்த வாரம் விளக்க முடியாது, விளக்கவும் தேவையில்லை. பெயர் அட்டை எழுதும்போதும் இதே பொறி காத்திருக்கிறது. முதல் எழுத்தை மட்டும் சிவப்பில் எழுதும் வழக்கத்தில், ‘கோகிலா’வுக்கு நடுவில் இருக்கும் ‘க’வை மட்டும் சிவப்பாக்கி, இரட்டைக் கொம்பையும் காலையும் கறுப்பில் விட்ட அட்டைகள் நிறையவே கண்ணில் படுகின்றன. முதல் எழுத்து ‘கோ’. கொம்பு, க, கால் மூன்றும் ஒரே நிறத்தில் இருக்க வேண்டும்.

கிழிந்த பக்கம்

முதல் வாரத்துக்குள் ஒரு பக்கம் கிழியும். கண்ணாடி டேப்பை ஒட்டிவிடத் தோன்றும். அதன் பசை நாளடைவில் மஞ்சளாகித் தாளுக்குள் ஊறும், மேலிருக்கும் பிளாஸ்டிக் உரிந்துவிடும், கறை நிற்கும்.

கிழிசலில் தாளின் உட்பகுதி வெள்ளைச் சரிவாகத் தெரியும். அந்தச் சரிவு எந்தப் பக்கம் மேலே வர வேண்டும் என்று பார்த்து முதலில் காய்ந்தபடியே பொருத்துங்கள். பிறகு மெல்லிய தூரிகையால் சரிவில் மட்டும் மாவுப் பசையைத் தடவிச் சேர்த்து, அதன் மேல் ஒரு செ.மீ. அகல மெல்லிய டிஷ்யூ தாள் பட்டையை ஒட்டுங்கள். பட்டையைக் கத்தரிக்காமல் கையால் கிழித்தால் ஓரத்து இழைகள் தாளோடு கலந்துவிடும். மேலும் கீழும் பட்டர் பேப்பர் வைத்து, கனமான புத்தகம் ஏற்றி இரவு முழுக்க விடுங்கள். பட்டர் பேப்பரை மறந்தால் காலையில் மூன்று பக்கங்கள் ஒன்றாகியிருக்கும். பளபளப்புப் பூச்சுள்ள தாளில் மாவுப் பசை பிடிக்காது, அதற்கு ஆவணம் ஒட்டுவதற்கென்றே வரும் மெல்லிய டேப்தான் சரி. முழுப் பக்கமும் கழன்றிருந்தால் உள்விளிம்பில் 3 மி.மீ. அகலத்துக்கு மட்டும் வெள்ளைப் பசை தடவி மடிப்பில் செருகுங்கள்.

பொருத்தும் வேலையைக் குழந்தைகள் முன்னால் செய்யுங்கள். யார் கிழித்தது என்ற விசாரணை வேண்டாம். பக்கம் மறுநாள் திரும்பி வரும்போது எல்லாரும் அந்தத் தழும்பைத் தொட்டுப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு மேல் மூலையில் பிடித்துத் திருப்பச் சொல்லித்தர எளிதாக இருக்கும்.

வகுப்பின் சொந்தப் புத்தகம்

1970களில் நியூசிலாந்தில் கல்வியாளர் டான் ஹோல்டவே, மடியில் உட்கார்ந்து கதை கேட்கும் குழந்தைக்குக் கிடைப்பது வகுப்பு முழுவதற்கும் கிடைக்க வேண்டும் என்று பெரிய அளவுப் புத்தகங்களைப் பரப்பினார். ஏழாம் நாள் தொடங்கும் வேலை அந்த வழியில் வந்ததுதான். ஆனால் இதைக் குழந்தைகளே செய்கிறார்கள். பக்கத்துக்கு ஒரு குழந்தை. மேலே அந்தக் குழந்தை வரைந்த தன் படம், கீழே பெயரும் அந்த வரியும்: மீனா: “நானும் வர்றேன்!” எல்லாப் பக்கத்திலும் வரி ஒன்றே, பெயர் மட்டும் மாறும். அதனால் வகுப்பில் எல்லாராலும் ‘படிக்க’ முடிகிறது. ‘வந்தான்’, ‘வந்தாள்’ என்று எழுதப் போனால் வரி மாறிக்கொண்டே இருக்கும்.

ஏ3 அளவில் 220 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 220 கிராம்) அட்டைத்தாள் 31 வேண்டும்: குழந்தைகளுக்கு 24, அட்டை 2, தலைப்பு 1, எல்லாரும் சேர்ந்து நிற்கும் கடைசிப் பக்கம் 1, வெற்றுத்தாள் 3. தாள்களின் எடை மட்டும் ஏறக்குறைய 850 கிராம். இரண்டு குழந்தைகள் சேர்ந்து தூக்கலாம். லேமினேஷன் செய்ய வேண்டாம். 125 மைக்ரான் உறை போட்டால் ஒவ்வொரு தாளின் எடையும் இரட்டிப்புக்கு மேல் ஆகும், வெளிச்சமும் கண்ணில் அடிக்கும். மூலைகளை வட்டமாக வெட்டினாலே பாதிச் சேதம் குறைந்துவிடும்.

படத்தை நேராக ஏ3 தாளில் வரைய விடாமல் தனி ஏ4 தாளில் வரையச் செய்து ஒட்டுங்கள். தாளைக் கசக்கிவிட்டு இன்னொன்று கேட்கும் பிள்ளைகள் எப்படியும் இருவராவது இருப்பார்கள். ஒட்டுவதற்குப் பசைக்குச்சி. நீர்த்த வெள்ளைப் பசையில் தாளின் இழைகள் ஈரம் குடித்து ஒரு திசையில் விரியும், காய்ந்ததும் பக்கம் அப்பளம் போலச் சுருளும். மெழுகு வண்ணத்தை அழுத்திப் பூசிய படங்கள் எதிர்ப் பக்கத்தில் கறை பிடிக்கும், அதனால் தாளின் ஒரு பக்கத்தை மட்டும் பயன்படுத்துங்கள்.

இடது ஓரத்தில் 4 செ.மீ. விட்டுவிட வேண்டும். அந்த ஓரத்தின் இரு பக்கமும் துணி டேப் ஒட்டிய பிறகே துளை போடுங்கள். மூன்று துளைகள், 6 மி.மீ. அகலம், விளிம்பிலிருந்து 1.5 செ.மீ. உள்ளே, மேலும் கீழும் 4 செ.மீ. தள்ளி ஒவ்வொன்று, நடுவில் ஒன்று. ஒரு அட்டையில் மாதிரி போட்டு வைத்துக்கொண்டு எல்லாத் தாளையும் அதன்படி துளைக்காவிட்டால் துளைகள் நகர்ந்து பக்கம் திரும்பாது. 38 மி.மீ. விட்டமுள்ள திறந்து மூடும் வளையம் மூன்று. ஸ்டேப்ளர் கம்பி இந்தத் தடிமனைத் தாங்காது, கூர்முனையும் வெளியே நிற்கும்.

வீட்டுக்கு ஒரு குட்டிப் புத்தகம்

எட்டாம் நாள் ஆளுக்கு ஒரு ஏ4 தாள். எட்டுக் கட்டமாக மடித்துப் பிரித்து, குறுக்கே பாதியாக மடித்து, மடிப்புப் பக்கத்திலிருந்து நடுக்கோட்டில் ஒரே ஒரு கட்ட நீளம், அதாவது 7.4 செ.மீ. மட்டும் வெட்ட வேண்டும். அதற்கு மேல் கத்தரி போனால் தாள் இரண்டாகிவிடும். நீளவாக்கில் மடித்து இரு முனைகளையும் உள்ளே தள்ளினால் எட்டுப் பக்கப் புத்தகம். மேல்வரிசைக் கட்டங்களில் படம் தலைகீழாக இருக்க வேண்டும் என்பதை மறந்தால் பாதிக் கதை தலைகீழாக வரும், ஆகவே நகலெடுக்கும் முன் ஒன்றை மடித்துப் பாருங்கள். வீட்டுக்கு எழுதும் குறிப்பில் ஒரே வரி போதும்: “இன்னைக்கு என்ன படிச்சே?” என்று கேட்காதீர்கள், “ஆமை என்ன சொல்லுச்சு?” என்று கேளுங்கள்.

பத்தாம் நாள்

இரண்டு புத்தகங்களையும் அட்டை முகம் தெரியும்படி தாழ்வான தட்டில் வைத்துவிட்டு விலகி நின்று கவனியுங்கள். யார் புத்தகத்தை நேராகப் பிடிக்கிறார்கள், முன்பக்கத்திலிருந்து திருப்புகிறார்கள், வரியைச் சொல்கிறார்கள், சொல்லுக்கு ஒரு விரல் வைக்கிறார்கள் என்று நான்கே கட்டங்கள் உள்ள தாளில் குறித்துக்கொண்டால், அடுத்த மாதத்தில் யாருக்கு எது வேண்டும் என்பது தெரியும். மதிப்பெண் வேண்டாம், தேதி மட்டும் போடுங்கள்.

வெற்றுத்தாள் மூன்று வைத்தது எதற்கு என்றால், சேர்க்கை முதல் வாரத்தோடு முடிவதில்லை. மூன்றாம் வாரத்தில் ஒரு குழந்தை புதிதாக வரும். எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்த அறையில் பையைத் தோளிலிருந்து இறக்காமல் நிற்கும். வளையத்தைத் திறந்து ஒரு தாளை வெளியே எடுங்கள், படம் வரையக் கொடுங்கள், பெயரை எழுதுங்கள். அதைக் கடைசிப் பக்கத்துக்கு முன்னால் கோத்து மூடிவிட்டு, அன்றைய கதை நேரத்தில் வகுப்புப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படியுங்கள்.